மேகத்துக்கும் ஒரு முகவரி உண்டு: டேட்டா சென்டர்களும் அவற்றின் மின்சாரமும் தண்ணீரும்

துபையில் வேலை பார்க்கும் மகன், பிறந்து மூன்று நாளான தன் குழந்தையின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். சில நொடிகளில் ஊரில் இருக்கும் உம்மம்மாவின் கைபேசியில் அந்தப் படம் வந்து நிற்கிறது. மாமா சென்னையில் பார்க்கிறார், சாச்சி சிங்கப்பூரில் பார்க்கிறார். மாதக் கடைசியில் கைபேசி நிரம்பிவிட்டதென்று எச்சரிக்கை வந்தால், பழைய படங்களை எல்லாம் 'கிளவுட்' என்ற இடத்தில் ஏற்றிவிட்டு நிம்மதி அடைகிறோம்.

கிளவுட் என்றால் மேகம். இந்தப் பெயரைக் கேட்டால், நம்முடைய படங்களும் கடிதங்களும் வங்கிக் கணக்கும் வானத்தில் எடையில்லாமல் மிதப்பதுபோல் ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் அவை தரையில்தான் இருக்கின்றன. ஏதோ ஓர் ஊரில், வேலி போட்ட வளாகத்தில், ஜன்னல் இல்லாத ஒரு பெரிய கட்டடத்துக்குள் இருக்கின்றன. அந்தக் கட்டடத்துக்கு மின் இணைப்பு உண்டு, தண்ணீர் இணைப்பு உண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களும் உண்டு.

அந்தக் கட்டடத்தைத்தான் டேட்டா சென்டர் என்கிறோம். தமிழில் தரவு மையம் என்று எழுதுகிறார்கள். உலகின் பல நாடுகளில் இன்று மின்வாரியங்களும் நகராட்சிகளும் நீதிமன்றங்களும் இந்தக் கட்டடங்களைப் பற்றித்தான் விவாதித்துக்கொண்டிருக்கின்றன. நம் பிள்ளைகளின் வேலைவாய்ப்பும் நம் வீட்டு மின்கட்டணமும் நம் ஊர்த் தண்ணீரும் இந்த விவாதத்தோடு தொடர்புடையவை. ஆகவே இதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது?

ஒரு டேட்டா சென்டருக்குள் நுழைந்தால் ஆள் உயரத்துக்கும் மேலான இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றை 'ரேக்' என்பார்கள். ஒவ்வொரு ரேக்கிலும் தட்டையான கணினிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றுக்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. நாம் கேட்பதை எடுத்துக் கொடுப்பதும், கொடுப்பதைப் பத்திரப்படுத்துவதும்தான் இவற்றின் வேலை. ஆகவே இவற்றுக்கு 'சர்வர்' என்று பெயர்.

மடிக்கணினியை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் வேலை பார்த்தால் சூடு தெரியும். கணினி வாங்கும் மின்சாரம் அனைத்தும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஆயிரக்கணக்கான சர்வர்கள் இரவு பகலாக ஒரே கூரையின் கீழ் ஓடினால் எவ்வளவு வெப்பம் வரும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் சில நிமிடங்களிலேயே இயந்திரங்கள் தாமாக நின்றுவிடும். 2022 ஜூலையில் லண்டனில் வெயில் 40 டிகிரியைத் தொட்ட நாளில், கூகுள், ஆரக்கிள் நிறுவனங்களின் டேட்டா சென்டர்களில் குளிரூட்டும் அமைப்பு திணறிச் சேவைகள் தடைபட்டன.

எனவே ஒரு டேட்டா சென்டரில் கணினிக்கு இணையாகக் குளிரூட்டும் கருவிகளும் முக்கியம். அதோடு, மின்சாரம் போனால் உடனே கைகொடுக்க பேட்டரிகள் வேண்டும். பேட்டரி தீருவதற்குள் ஓடத் தொடங்க டீசல் ஜெனரேட்டர்கள் வேண்டும்.

கணினிகள் பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் கட்டடம் மொத்தமாக எத்தனை யூனிட் இழுக்கிறது என்பதை இத்துறையில் ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 2007இல் அது சராசரியாக 2.5 ஆக இருந்தது. அதாவது கணினிக்கு ஒரு யூனிட் என்றால், குளிரூட்டல் முதலிய மற்ற செலவுகளுக்கு ஒன்றரை யூனிட். அப்டைம் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பின் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தச் சராசரி 1.56. கூகுள் போன்ற பெரு நிறுவனங்கள் தங்கள் சொந்த மையங்களில் 1.1 வரை கொண்டுவந்துவிட்டன. வீண்செலவு பெருமளவு குறைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மொத்தச் செலவு குறையவில்லை. அது ஏன் என்று அடுத்துப் பார்ப்போம்.

ஏ.ஐ. வந்த பிறகு

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடம் அந்நாட்டு டேட்டா சென்டர்களின் மின்நுகர்வைக் கணக்கிட்டு வருகிறது. 2014 முதல் 2016 வரை அந்த நுகர்வு ஆண்டுக்குச் சுமார் 6,000 கோடி யூனிட் என்ற அளவிலேயே நின்றது. இணையப் பயன்பாடு பெருகியபோதும், இயந்திரங்கள் சிக்கனமாக மாறியதால் நுகர்வு ஏறவில்லை. அதற்குப் பிறகு நிலைமை மாறியது. 2023இல் 17,600 கோடி யூனிட். அந்நாட்டின் மொத்த மின்சாரத்தில் இது 4.4 சதவீதம். 2028இல் இது 6.7 முதல் 12 சதவீதம் வரை போகலாம் என்று அதே ஆய்வுக்கூடம் மதிப்பிடுகிறது.

காரணம் செயற்கை நுண்ணறிவு என்னும் ஏ.ஐ. சாதாரண சர்வர் ரேக் ஒன்று ஐந்து முதல் பத்து கிலோவாட் மின்சாரம் எடுக்கும். ஏ.ஐ. வேலைக்கென்று என்விடியா நிறுவனம் செய்துள்ள புதிய வகை ரேக் ஒன்று ஏறத்தாழ 120 கிலோவாட் எடுக்கிறது. முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 120 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டின் இரண்டு மாத மின்சாரத்தை இந்த ஒரே அலமாரி இரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிடும். இவ்வளவு வெப்பத்தை விசிறிக் காற்றால் தணிக்க முடியாது. ஆகவே குழாய் வழியாகத் திரவத்தை நேரடியாகச் சிப்புகளின் மேலேயே ஓடவிட்டு வெப்பத்தை எடுக்கிறார்கள்.

உலக அளவில் பார்த்தால், சர்வதேச எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2024இல் உலகின் எல்லா டேட்டா சென்டர்களும் சேர்ந்து சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் பயன்படுத்தின. உலக மொத்தத்தில் இது ஒன்றரை சதவீதம். 2030இல் இது 94,500 கோடி யூனிட்டாக, அதாவது இரண்டு மடங்குக்கும் மேலாக உயரும் என்கிறது அறிக்கை. ஜப்பான் நாடு முழுவதும் இன்று பயன்படுத்தும் மின்சாரத்தைவிட அது சற்று அதிகம்.

இந்தத் தேவை பழைய அணுமின் நிலையங்களைக்கூட மீண்டும் திறக்க வைத்திருக்கிறது. அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் என்ற பெயர் 1979இல் நடந்த அணுமின் விபத்தால் உலகம் அறிந்த பெயர். அந்த விபத்து நடந்தது இரண்டாவது உலையில். விபத்தில் சிக்காத முதலாவது உலை 2019இல் நட்டக் கணக்கில் மூடப்பட்டது. 2024 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அந்த உலையின் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு வாங்க ஒப்பந்தம் செய்ததால், அதை மறுபடி இயக்கும் வேலை நடக்கிறது.

"ஒன்றரை சதவீதம்தானே, இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு மாவட்டத்தில் ஒரு நாளில் பத்து கல்யாணம் நடப்பது பெரிய செய்தி அல்ல. அந்தப் பத்தும் ஒரே தெருவில் ஒரே ராத்திரியில் நடந்தால், அந்தத் தெருவின் டிரான்ஸ்பார்மர் என்ன ஆகும்? டேட்டா சென்டர்களின் பிரச்சினை இதுதான். அவை உலகம் முழுக்கச் சமமாகப் பரவவில்லை. சில ஊர்களில் குவிகின்றன. பலன் உலகத்துக்கு, பாரம் அந்த ஊருக்கு. இதற்கு அயர்லாந்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

அயர்லாந்து கற்றுக்கொண்ட பாடம்

அயர்லாந்து ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் சிறிய நாடு. குளிர்ந்த காற்று, குறைந்த கம்பெனி வரி, ஆங்கிலம் பேசும் மக்கள், அமெரிக்காவோடு இணைக்கும் கடலடிக் கேபிள்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தை என எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடைத்தன. அமெரிக்காவின் பெரிய கணினி நிறுவனங்கள் தலைநகர் டப்ளினைச் சுற்றி டேட்டா சென்டர்களைக் கட்டின. அரசும் வரவேற்றது.

அந்நாட்டின் மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் ஒவ்வோர் ஆண்டும் கணக்கு வெளியிடுகிறது. 2015இல் டேட்டா சென்டர்கள் எடுத்தது சுமார் 124 கோடி யூனிட். நாட்டில் மீட்டர் வழியாகக் கணக்கிடப்பட்ட மின்சாரத்தில் 5 சதவீதம். 2021இல் 14 சதவீதம். 2023இல் 21 சதவீதம். அந்த ஆண்டில் அயர்லாந்தின் நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்ததே 18 சதவீதம்தான். நகரங்களில் வாழும் குடும்பங்கள் அத்தனையையும் சில டஜன் கட்டடங்கள் முந்திவிட்டன. 2024இல் அது 697 கோடி யூனிட்டாகி, 22 சதவீதத்தைத் தொட்டது.

மின்கம்பிகள் இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. புதிய மின் நிலையம் கட்டுவதற்கும் உயர் அழுத்தக் கம்பிகள் இழுப்பதற்கும் பல ஆண்டுகள் ஆகும். டேட்டா சென்டரை ஓரிரு ஆண்டில் எழுப்பிவிடலாம். இந்த இடைவெளிதான் சிக்கல். 2021 நவம்பரில் அந்நாட்டின் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புதிய நிபந்தனைகளை விதித்தது. மின்சாரம் பற்றாக்குறையாக உள்ள பகுதியா என்று பார்க்க வேண்டும். நெருக்கடி நேரத்தில் சொந்த மின் உற்பத்திக்கு மாறவோ பயன்பாட்டைக் குறைக்கவோ நிறுவனத்தால் முடியுமா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே இணைப்பு. டப்ளின் பகுதியில் 2028 வரை புதிய இணைப்புகளை எதிர்பார்க்க வேண்டாம் என்று மின்தொடரமைப்பு நிறுவனமான எயர்கிரிட் சொல்லிவிட்டது.

2024 ஆகஸ்டில் கூகுள் நிறுவனமே டப்ளினில் கேட்ட புதிய டேட்டா சென்டருக்கு உள்ளூர் மன்றம் அனுமதி மறுத்தது. மின்தொடரமைப்பில் போதிய இடம் இல்லை என்பதும், அந்த வளாகத்தில் புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்திக்குப் போதிய ஏற்பாடு இல்லை என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் அடங்கும்.

மின்கம்பி கிடைக்காதபோது சில நிறுவனங்கள் எரிவாயுக் குழாய் இணைப்புக் கேட்டன. வளாகத்துக்குள்ளேயே எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. மின்தொடரமைப்பின் சுமை அதில் குறையும், கரிப்புகை குறையாது. ஒரு கதவை மூடினால் பாரம் வேறொரு கதவு வழியாக வந்துவிடுகிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

நல்ல முயற்சிகளும் அங்கே நடக்கின்றன. டப்ளினின் டாலா பகுதியில் அமேசான் டேட்டா சென்டரிலிருந்து வீணாகப் போகும் வெப்பத்தைக் குழாய் வழியாக எடுத்து, 2023 முதல் உள்ளூர் மன்ற அலுவலகத்தையும் நூலகத்தையும் பல்கலைக்கழக வளாகத்தையும் சூடாக வைத்திருக்கிறார்கள். குளிர் நாட்டுக்கு இது பொருத்தமான வழி. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பது கடினம்.

தண்ணீர்க் கணக்கை மறைத்த ஊர்

மின்சாரத்தைப் போலவே தண்ணீரும் ஒரு பெரிய கேள்வி. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்ணிய துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பல டேட்டா சென்டர்கள் இதே தத்துவத்தில்தான் குளிர்கின்றன. பெரிய கோபுரங்களில் தண்ணீரை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றுகின்றன. இதில் மின்சாரம் மிச்சமாகும், தண்ணீர் செலவாகும். ஆவியாகிப் போன தண்ணீர் அந்த ஊரின் குழாய்க்குத் திரும்ப வராது. தண்ணீர் இல்லாமல் குளிரூட்டவும் வழி உண்டு, ஆனால் அதற்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். ஒன்றை மிச்சப்படுத்த மற்றொன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் த டால்ஸ் என்ற சிறிய ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 16,000. கூகுள் தன்னுடைய பெரிய டேட்டா சென்டரை முதன்முதலில் கட்டியது இந்த ஊரில்தான். அது எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரிகோனியன் நாளிதழ் நகர நிர்வாகத்திடம் கேட்டது. வணிக ரகசியம் என்று சொல்லி நிர்வாகம் மறுத்தது. தகவலைக் கொடுக்க வேண்டும் என்று மாவட்ட அதிகாரி உத்தரவிட்டபோது, நகர நிர்வாகம் நாளிதழுக்கு எதிராக நீதிமன்றம் போனது. ஓராண்டுக்கும் மேல் இழுபட்ட வழக்கு 2022 டிசம்பரில் சமரசத்தில் முடிந்து, கணக்கு வெளியே வந்தது.

2021ஆம் ஆண்டில் அந்த டேட்டா சென்டர்கள் எடுத்தது 35.5 கோடி கேலன், அதாவது ஏறத்தாழ 134 கோடி லிட்டர் தண்ணீர். அந்த நகரத்தின் மொத்தப் பயன்பாட்டில் கால் பங்குக்கும் அதிகம். இந்த அளவு சரியா தவறா என்பதை அந்த ஊர் மக்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆனால் தங்கள் ஊர்த் தண்ணீரில் எவ்வளவு போகிறது என்பதையே அறியாத மக்கள் எதை வைத்து முடிவு செய்வார்கள்? இதே காலகட்டத்தில் கூகுள் தன் அமெரிக்க மையங்களின் தண்ணீர்க் கணக்கை ஊர்வாரியாக வெளியிடத் தொடங்கியது. த டால்ஸின் கணக்கு வெளியே வந்தது, ஒரு நாளிதழ் விடாமல் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பலன்.

பில் யார் கட்டுவது?

அமெரிக்காவின் 13 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் நகருக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பின் பெயர் பி.ஜே.எம். உலகிலேயே டேட்டா சென்டர்கள் அதிகமாகக் குவிந்திருக்கும் வடக்கு வர்ஜீனியா இதன் கீழ்தான் வருகிறது. உச்சத் தேவை நேரத்தில் மின்சாரம் தருவோம் என்று உறுதி சொல்லும் மின் நிலையங்களுக்கு இந்த அமைப்பு ஏலம் நடத்திப் பணம் கொடுக்கிறது. 2024–25ஆம் ஆண்டுக்கான ஏல விலை நாளொன்றுக்கு ஒரு மெகாவாட்டுக்கு 28.92 டாலர். அடுத்த ஆண்டுக்கு 269.92 டாலர். ஒன்பது மடங்குக்கும் மேல். பழைய மின் நிலையங்கள் மூடப்படுவது, ஏல விதிகள் மாறியது ஆகியவையும் காரணங்கள். ஆனால் டேட்டா சென்டர்களின் தேவை இதில் பெரும்பங்கு வகித்தது என்று அந்தச் சந்தையின் கண்காணிப்பாளரே சொல்லியிருக்கிறார். இந்தச் செலவு கடைசியில் வீடுகளின் மின்கட்டணத்தில்தான் வந்து விழுகிறது. வீட்டில் ஏ.ஐ. பயன்படுத்தாத மூதாட்டியும் அதில் பங்கு கட்டுகிறார்.

இதற்கு ஒஹாயோ மாநிலம் ஒரு வழி கண்டது. பெரிய டேட்டா சென்டர்கள் தங்களுக்கு வேண்டுமென்று பதிவு செய்த மின் அளவில் குறைந்தது 85 சதவீதத்துக்கான கட்டணத்தை, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், 12 ஆண்டுகள் வரை கட்ட வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வருவார்கள் என்று சொல்லி பிரியாணிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, நூறு பேர் மட்டும் வந்தால் மீதிக்கு யார் பொறுப்பு? ஆர்டர் கொடுத்தவர்தானே! அதே நியாயம்தான். நிறுவனத்தை நம்பிப் போட்ட மின்கம்பியின் செலவை, அது பாதியில் போய்விட்டால் பொதுமக்கள் தலையில் கட்டக்கூடாது.

சிங்கப்பூரும் ஜொகூரும்

நம் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான சிங்கப்பூரும் இந்தச் சிக்கலைச் சந்தித்தது. 2020இல் அந்நாட்டு மின்சாரத்தில் சுமார் 7 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போனது. நிலமும் இல்லை, சொந்த எரிபொருளும் இல்லை. ஆகவே 2019 முதல் 2022 தொடக்கம் வரை புதிய டேட்டா சென்டர்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தார்கள். பிறகு, குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்பவர்களுக்கு மட்டும் என்று கதவை அளந்து திறந்தார்கள். தேர்ந்தெடுத்து அனுமதிக்கும் நிலையில் இருந்ததால் அவர்களால் நிபந்தனை போட முடிந்தது.

ஆனால் தேவை நிற்கவில்லை. பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக்குப் போனது. கூலாய், செடனாக் பக்கத்தில் செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் இன்று டேட்டா சென்டர் வளாகங்கள் எழுகின்றன. முதலீடு வந்தது, கட்டுமான வேலை வந்தது. கூடவே தண்ணீர்க் கவலையும் வந்தது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்கிறது. ஜொகூர் மாநிலமோ சுத்திகரித்த தண்ணீரைச் சிங்கப்பூரிடமிருந்து விலைக்கு வாங்கும் நிலையில் இருக்கிறது. ஆகவே 2024இல் மாநில அரசு ஒரு குழு அமைத்து, விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கத் தொடங்கியது. சிலவற்றைத் திருப்பியும் அனுப்பியது. குடிநீருக்குப் பதிலாக மறுசுழற்சி செய்த நீரைப் பயன்படுத்துங்கள் என்ற பேச்சும் வலுத்திருக்கிறது.

எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்

இன்னோர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்க டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. அரசின் 600க்கும் மேற்பட்ட கணினிச் சேவைகள் நின்றுபோயின. அடையாள அட்டைச் சேவையும் அஞ்சல் சேவையும் முடங்கின. அரசு ஊழியர்கள் தங்கள் ஆவணங்களைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் கோப்புகள் எரிந்துபோயின. அவை அளவில் பெரியவை என்பதால் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாட்டுக்கே இந்த நிலை.

நம் குடும்பத்துக்கும் இதில் பாடம் உண்டு. பிள்ளைகளின் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், மறைந்த பெரியவர்களின் படங்கள் ஆகியவை கிளவுட்டில் மட்டும் இருந்தால் போதாது. வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல், முடிந்தால் வேறு ஊரில் இருக்கும் உடன்பிறப்பிடம் ஒரு நகல் வைத்திருங்கள்.

சென்னைக்கு வரும்போது

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் மும்பைக்கு அடுத்தபடி டேட்டா சென்டர்கள் வளரும் நகரங்களில் சென்னை முக்கியமானது. சிங்கப்பூரிலிருந்து வரும் கடலடிக் கேபிள்கள் சென்னைக் கடற்கரையில் கரையேறுகின்றன. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் பெரிய மையங்கள் இயங்குகின்றன. தமிழ்நாடு அரசு 2021இல் இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டுச் சலுகைகளை அறிவித்தது.

இதே சென்னையில்தான் 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் செங்குன்றமும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நாட்களைச் சென்னைக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே 2019இல்தான் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் பயன்பாட்டுக்கு வந்தன. ஆகவே குடிநீரைத் தொடாமல் இயந்திரங்களைக் குளிரூட்டும் வழி நம்மிடம் இல்லாமல் இல்லை. அந்த வழியைத்தான் பயன்படுத்துகிறார்களா என்று கேட்கும் பழக்கம்தான் நம்மிடம் குறைவு.

டேட்டா சென்டர் வேண்டாம் என்று சொல்வது நேர்மையாக இருக்காது. மகன் அனுப்பும் படமும், வங்கிப் பரிமாற்றமும், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும் நமக்கு வேண்டும் என்றால், அவற்றைத் தாங்கும் கட்டடம் எங்கோ ஓர் ஊரில் இருந்தே ஆக வேண்டும். அந்த ஊர் நம் ஊராக இருக்கும்போது, ஒப்புதல் கொடுப்பதற்கு முன்பே நான்கு கேள்விகளுக்குப் பதில் வாங்க வேண்டும்.

முதலாவது, ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர், அது குடிநீரா மறுசுழற்சி நீரா? அந்தக் கணக்கு ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடப்படுமா?

இரண்டாவது, எத்தனை மெகாவாட் மின்சாரம்? அதற்காகப் போடும் துணைமின் நிலையத்துக்கும் கம்பிக்கும் செலவு யாருடையது?

மூன்றாவது, மின்பற்றாக்குறை நேரத்தில் முதலில் நிறுத்தப்படுவது வீடுகளா, இந்த மையமா? டீசல் ஜெனரேட்டர்களின் புகையும் சத்தமும் அடுத்த தெருவை எவ்வளவு பாதிக்கும்?

நான்காவது, கட்டி முடித்த பிறகு நிரந்தர வேலை எத்தனை பேருக்கு, அதில் உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்?

கடைசிக் கேள்வி முக்கியமானது. டேட்டா சென்டர் கட்டும்போது நிறைய பேருக்கு வேலை கிடைக்கும். கட்டி முடித்த பிறகு, அதே முதலீட்டில் எழும் ஒரு தொழிற்சாலையோடு ஒப்பிட்டால் மிகச் சிலரே போதும். ஆனால் அந்தச் சிலருக்கு நல்ல திறமை வேண்டும். உயர் அழுத்த மின்சாரம், குளிரூட்டும் இயந்திரங்கள், தீயணைப்பு, கேபிள், நெட்வொர்க் ஆகியவை தெரிந்தவர்களை இத்துறை தேடிக்கொண்டே இருக்கிறது. மென்பொருள் படித்தால்தான் கணினித் துறை என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காகவும் எலக்ட்ரீஷியனாகவும் உழைத்துக் குடும்பத்தை உயர்த்தியவர்கள் நம்மில் ஏராளம். அவர்களின் கைத்தொழில்தான் இந்தக் கட்டடங்களின் உயிர்நாடி. ஐ.டி.ஐ., டிப்ளமோ படிக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கமும் பார்க்கலாம். அமெரிக்கா, அயர்லாந்து, சிங்கப்பூர் என்று எங்கே போனாலும் இந்தத் தேவை இருக்கிறது.

நாம் பத்துப் படங்களை அழிப்பதால் உலகின் மின்சாரப் பிரச்சினை தீர்ந்துவிடாது. தேவையில்லாத வீடியோவைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பாமல் இருப்பது நல்ல பழக்கம், அவ்வளவுதான். பெரிய மாற்றம் வேறு இடத்தில் வருகிறது. அயர்லாந்தில் ஆண்டுதோறும் வெளியான புள்ளிவிவரம், த டால்ஸில் ஒரு நாளிதழ் கேட்ட கேள்வி, ஒஹாயோவில் ஓர் ஆணையம் போட்ட விதி, இவைதான் பெரு நிறுவனங்களை நிபந்தனைக்கு உட்பட வைத்தன. கணக்கு வெளியே வந்த பிறகுதான் பேச்சே தொடங்கியது.

அடுத்த முறை பேரக்குழந்தையின் படம் கைபேசியில் வந்து நிற்கும்போது மகிழ்ச்சியோடு பாருங்கள். கூடவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: இந்தப் படம் மேகத்தில் இல்லை, ஏதோ ஓர் ஊரில் இருக்கிறது. அந்த ஊரின் மின்சாரத்திலும் தண்ணீரிலும்தான் அது நம்மிடம் வந்து சேர்ந்தது. நாளை அந்த ஊர் நம்முடையதாக இருந்தால், கணக்கைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.